ஒதுக்கீட்டுப் பட்டியலை எழுதியது லண்டன்

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஐரோப்பிய மீன்பிடிக் கப்பல்கள் பிரிட்டன் கடலில் 2038 ஜூன் 30 வரை தொடர்ந்து மீன் பிடிக்கலாம் என்பது அதன் ஒரு பகுதி. அறிவிப்பு வந்த கையோடு துரோகம் என்ற குரலும் எழுந்தது. 1973-ல் பிரதமர் எட்வர்ட் ஹீத் கடலை விற்றுவிட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்குள் நுழைந்தார். 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போரிஸ் ஜான்சன் மறுபடி விற்றார். இப்போது கியர் ஸ்டார்மர் மூன்றாம் முறை விற்றிருக்கிறார். நடுவில் யாராவது ஒருவர் முதுகெலும்போடு நின்றிருந்தால் கிரிம்ஸ்பி, ஹல், நியூலின் துறைமுகங்கள் செழித்திருக்கும். இதுதான் கதை.

இந்தக் கதையை, ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் பிரிந்த பிரெக்ஸிட்டை ஆதரித்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. எதிர்த்தவர்களும் சற்றுத் திருப்பிப் போட்டு இதையேதான் சொல்கிறார்கள்: பாவம், மீனவர்களை ஏமாற்றி ஓட்டு வாங்கிக் கடைசியில் கைவிட்டுவிட்டார்கள் என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். கடல் எல்லையின் சாவி கைக்கு வந்தால் மீன்வளமும் மீனவர் வாழ்வும் தாமாகவே திரும்பும், சாவியைப் பேரம் பேசிக் கொடுத்துவிட்டதால்தான் திரும்பவில்லை என்பது அந்த நம்பிக்கை. எனக்கு இது முழுத் தவறாகப் படுகிறது. தவறு என்பதோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். உண்மையில் பதில் சொல்லவேண்டியவர்களை இந்தக் கதை ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறது. அதனால்தான் இதை மறுத்தாக வேண்டும்.

முதலில், குறை உண்மையானது என்பதை ஒப்புக்கொள்வோம். பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு மீன்பிடி நாடுகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த 1970 ஜூனில், பேச்சு தொடங்கும் தறுவாயில், உள்ளே இருந்த ஆறு நாடுகளும் அவசர அவசரமாக ஒரு விதியை முடிவுசெய்தன. உறுப்பு நாடுகளின் கடல் எல்லா உறுப்பினருக்கும் சமமாகத் திறந்திருக்கும் என்பது அந்த விதி. பெரிய கடல் இல்லாதவர்கள், பெரிய கடல் உள்ளவர்கள் வரும் முன்பே எழுதிக்கொண்ட விதி அது. நார்வே மக்கள் 1972-ல் வாக்களித்து வெளியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1983-ல் பொது மீன்வளக் கொள்கை முழு உருவம் பெற்றபோது, ஒவ்வொரு மீன் இனத்திலும் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு, 1970-களின் பிடிப்பை முக்கிய அளவுகோலாக வைத்து உறைய வைக்கப்பட்டது. ஆங்கிலக் கால்வாயின் காட் மீனில் பிரான்ஸுக்கு எண்பது விழுக்காட்டுக்கு மேல், பிரிட்டனுக்குப் பத்துக்கும் கீழே. 2012 முதல் 2016 வரையிலான சராசரியைப் பார்த்தால், மற்ற உறுப்பு நாடுகளின் கப்பல்கள் பிரிட்டன் கடலில் ஆண்டுக்குச் சுமார் 7,60,000 டன் பிடித்தன. பிரிட்டன் கப்பல்கள் அவர்கள் கடலில் பிடித்தது சுமார் 90,000 டன். இந்தக் கணக்கைப் பார்த்து ஒரு கார்ன்வால் மீனவர் கொதித்தால் அந்தக் கொதிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயத்தை வைத்துத் துறைமுகங்களின் வீழ்ச்சியை விளக்க முடியாது. ஹல்லும் கிரிம்ஸ்பியும் எந்தக் கடலை நம்பி வாழ்ந்தன என்று பாருங்கள். அந்தப் பெரிய இழுவைக் கப்பல்கள் சென்றது ஐஸ்லாந்துக்கும் பேரன்ட்ஸ் கடலுக்கும். ஐஸ்லாந்து தன் எல்லையை 1958-ல் 12 கடல் மைலாக்கியது, 1972-ல் 50 ஆக்கியது, 1975-ல் 200 ஆக்கியது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் தன் கடற்படையை அனுப்பி எதிர்த்தது. ஐஸ்லாந்தின் ரோந்துப் படகுகள் இழுவலைக் கம்பிகளை வெட்டின, கப்பல்கள் மோதிக்கொண்டன, 1976 ஜூனில் பிரிட்டன் பணிந்தது. பிறர் கடலில் மீன் பிடிக்கும் உரிமைக்காகத்தான் அன்று பிரிட்டன் போராடியது. 200 மைல் எல்லையைத் தானும் அறிவித்துக்கொண்டது 1977-ன் முதல் நாள். அதற்குள் ஆழ்கடல் கப்பல்களுக்குப் போக இடம் இல்லாமல் போயிருந்தது. ஹல்லின் மாலுமிகள் வேலை இழந்தது ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் முடிவால். பழி விழுந்தது பிரஸ்ஸல்ஸின் மேல்.

இன்னும் பின்னே போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1889 முதல் எழுதி வைக்கப்பட்ட இழுவலைப் பிடிப்புப் பதிவேடுகளை ரூத் தர்ஸ்டன், சைமன் பிராக்கிங்டன், கேலம் ராபர்ட்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். கப்பலின் வலிமை கூடியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரே அளவு உழைப்புக்குக் கிடைக்கும் மீன் 118 ஆண்டுகளில் 94 விழுக்காடு சரிந்திருந்தது. பாய்மரப் படகுகளின் காலத்தில் ஒரு மடங்கு முயற்சிக்குக் கிடைத்ததைப் பிடிக்க இன்று 17 மடங்கு முயற்சி வேண்டும். அந்தச் சரிவின் பெரும்பகுதி பொது மீன்வளக் கொள்கை பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது. பிரிட்டனின் இழுவலைப் பிடிப்பு உச்சம் தொட்ட ஆண்டு 1938. கடலை வெறுமையாக்கிய வேலையைத் தொடங்கியவர்கள் யார் என்பதற்கு அந்தப் பதிவேடுகளே சாட்சி.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். ஒன்றியத்தில் இருந்தபோது பிரஸ்ஸல்ஸ் முடிவுசெய்தது நாட்டுக்கு எவ்வளவு என்பதை. நாட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை முடிவுசெய்தது அந்தந்த நாட்டு அரசு. பிரிட்டன் 1999-ல் தன் ஒதுக்கீட்டை நிலையான அலகுகளாகப் பிரித்தது. 1994 முதல் 1996 வரை எந்தக் கப்பல் எவ்வளவு பிடித்ததாகப் பதிவாகியிருந்ததோ அதுவே அடிப்படை. நிறையப் பிடித்தவருக்கு நிறைய. பத்து மீட்டருக்குக் குறைவான சிறு படகுகள் அன்று தம் பிடிப்பை முறையாகப் பதிவுசெய்யும் கட்டாயமே இல்லாமல் இருந்தன. அதனால் கணக்கில் அவற்றின் பங்கு மெலிந்தது. எண்ணிக்கையில் பிரிட்டன் படகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்தச் சிறு படகுகள்தான். ஒதுக்கீட்டில் இவற்றின் கையில் வந்தது சொற்பம். அரசு நிர்வகிக்கும் பொதுத் தொகுப்பிலிருந்து மாதாமாதம் அளந்து கொடுக்கப்படும். அது தீர்ந்தால் ஒதுக்கீடு வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

ஆம், வாடகைக்கு. கடலில் நீந்தும் மீனைப் பிடிக்க, கரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குத்தகை கட்டும் ஏற்பாடு அது. அலகுகள் கைமாறின, விலை ஏறியது, பெரியவர்களிடம் குவிந்தன. பணக்காரர் பட்டியலில் இடம்பெற்ற ஐந்து குடும்பங்கள் பிரிட்டன் ஒதுக்கீட்டில் கால்வாசிக்கும் மேல் சொந்தமாகவோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பதாகக் கிரீன்பீஸின் புலனாய்வுப் பிரிவு 2018-ல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது 25 நிறுவனங்களின் கட்டுப்பாட்டில். கார்னலிஸ் ஃப்ரோலிக் என்ற ஒரே ஒரு டச்சு உடைமைக் கப்பல் இங்கிலாந்தின் ஒதுக்கீட்டில் ஏறக்குறைய 23 விழுக்காட்டை வைத்திருந்தது. பிரிட்டன் கொடி, டச்சு முதலாளி.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு வலுவான பதிலை வைத்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. 1988-ல் பிரிட்டன் நாடாளுமன்றம், வெளிநாட்டவர் பிரிட்டன் கொடியில் கப்பல் பதிந்து ஒதுக்கீட்டை அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் போட்டது. ஃபாக்டர்டேம் என்ற ஸ்பானிய உடைமை நிறுவனம் வழக்கு தொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் நாட்டுரிமை நிபந்தனைகளை வீழ்த்தியது, பிரிட்டன் இழப்பீடும் கட்டியது. ஒன்றியம் கையைக் கட்டிப்போட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கிறார்கள். கட்டிப்போட்டது உண்மை. ஆனால் ஸ்பானியரும் டச்சுக்காரரும் அந்தக் கப்பல்களையும் உரிமங்களையும் திருடிக்கொண்டு போகவில்லை. பிரிட்டன் உடைமையாளர்கள் விற்றார்கள், அவர்கள் வாங்கினார்கள். விற்கத் தகுந்த சொத்தாக அதை நடக்கவிட்டது பிரிட்டன் அரசு. சரி, 2021 முதல் கட்டு அவிழ்ந்துவிட்டதே, என்ன செய்தார்கள்? கரைக்கு எவ்வளவு கொண்டுவந்து இறக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கொஞ்சம் இறுக்கினார்கள். உடைமை அப்படியேதான் இருக்கிறது.

ஒன்றியத்துக்குள் இருந்தபோதே கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கும் சான்று உண்டு. 2013-ல், பெரிய உற்பத்தியாளர் அமைப்புகள் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை அரசு எடுத்துச் சிறு படகுகளுக்குக் கொடுத்தது. அந்த அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. நீதிபதி கிரான்ஸ்டன் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார். கடல் மீனுக்கு யாரும் சொந்தக்காரர் அல்ல, அரசு பொதுமக்களுக்காக அதைப் பங்கிடுகிறது என்ற நிலைப்பாடு நின்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட பொது மீன்வளக் கொள்கையின் 17-வது பிரிவு, உள்நாட்டில் பங்கிடும்போது சுற்றுச்சூழல், சமூக அளவுகோல்களையும் பார்க்கும்படி உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது. சிறு படகுக்குக் கூடுதல் கொடு என்பதற்கு பிரஸ்ஸல்ஸ் தடை போடவில்லை, வழியே திறந்து வைத்தது. லண்டன் அந்த வழியில் அதற்கு மேல் நடக்கவில்லை. பிறகு 2018-ல், பிரெக்ஸிட்டுக்குப் பின் மீன்வளத்தை எப்படி நடத்தப்போகிறோம் என்ற வெள்ளை அறிக்கை வந்தது. ஏற்கெனவே உள்ள ஒதுக்கீட்டைப் பங்கிடும் முறையை மாற்றும் எண்ணம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கடலை மீட்கும் முன்பே, மீட்டது யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

துரோகம் என்று கத்துபவர்கள் இந்த வெள்ளை அறிக்கையை ஏன் எரிக்கவில்லை?

2020-ன் மீன்வளச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டன் நாடாளுமன்றம் தன் கடலுக்குத் தானே எழுதிய முதல் பெரிய சட்டம் அது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. எட்டு நோக்கங்கள் எழுதினார்கள். மீன்வளம் நீடித்து நிற்பதே மற்ற எல்லாவற்றுக்கும் மேலான முதல் நோக்கம் என்று பிரபுக்கள் அவை திருத்தம் செய்து அனுப்பியது. மக்களவையில் அரசு தன் பெரும்பான்மையைக் கொண்டு அதை நீக்கியது. எட்டு நோக்கங்களும் சம வரிசையில் நின்றன. எதை எப்போது தூக்கிப் பிடிப்பது என்பது அமைச்சரின் கையில். கைகள் முழுதாக விடுதலையான முதல் நாளில் செய்த காரியம் இது. இதை எந்த பிரஸ்ஸல்ஸ் அதிகாரியும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்து, கடுமையாகப் பேரம் பேசியிருந்தால் நிறையக் கிடைத்திருக்கும் என்ற வாதம். 2020 உடன்பாட்டின்படி, ஐரோப்பியக் கப்பல்கள் பிரிட்டன் கடலில் பிடித்துவந்த மதிப்பில் 25 விழுக்காடு படிப்படியாக பிரிட்டனுக்கு மாற வேண்டியிருந்தது. 2026 ஜூன் வரை அவர்களுக்கு நுழைவு தரப்பட்டது. தெற்குப் பகுதியில் 6 முதல் 12 மைல் வரையிலான கரையோரப் பட்டையிலும் கூட. 12 மைல் வரை முழுக்க நமக்கே என்று எதிர்பார்த்திருந்த கரையோர மீனவர்களுக்கு அந்தக் கடைசி வரி வயிற்றில் அடித்தது. அவர்களுக்கு அது உண்மையான இழப்பு. ஆனால் முழு நுழைவையும் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உடன்பாட்டிலேயே எழுதியிருக்கிறது: நுழைவை மறுத்தால் மறுதரப்பு மீன் பொருள்களுக்குச் சுங்கம் விதிக்கலாம். பிரிட்டன் மீனவர் பிடிப்பதில் பெரும்பகுதியை பிரிட்டன் மக்கள் சாப்பிடுவதில்லை. அவர்கள் சாப்பிடுவது காட், ஹாடாக், சால்மன், சூரை, இறால், பெரும்பாலும் இறக்குமதி. கிரிம்ஸ்பியின் பதனிடும் ஆலைகளுக்கு மீன் வருவது ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும். பிரிட்டன் படகுகள் பிடிக்கும் நண்டும் சிங்கி இறாலும் ஸ்காலப் சிப்பியும் லாங்குஸ்டீனும் போவது பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும்.

அந்தப் பயணத்தை ஒரு முறை நெருங்கிப் பார்க்கவேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கூடு வைத்துப் பிடிக்கும் லாங்குஸ்டீனை உயிரோடு, ஒன்றையொன்று கிள்ளாதபடி தனித்தனிக் குழாய்ப் பெட்டியில் நிறுத்தி அனுப்புவார்கள். இரவு லாரி ஏறினால் மறுநாள் பிரான்ஸின் பூலோன் சந்தையில் இருக்கும். 2021 ஜனவரியில் அந்த லாரிக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும், கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், சுங்கப் படிவம் வேண்டும். ஒரே லாரியில் பத்துச் சிறு வியாபாரிகளின் பெட்டிகள் இருந்தால், ஒருவருடைய தாளில் உள்ள பிழைக்கு எல்லாருடைய சரக்கும் நிற்கும். ஸ்காட்லாந்தின் லார்க்ஹால் சரக்கு மையத்தில் லாரிகள் தேங்கின. சில்லறைச் சரக்குகளைச் சேர்த்து அனுப்புவதையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். உயிர்ச் சரக்கு காத்திருக்காது. சில படகுகள் கரையிலேயே நின்றன. சிலர் மீனை டென்மார்க் துறைமுகத்துக்கு நேரே கொண்டுபோய் இறக்கினார்கள். ஜனவரி 18-ல் ஸ்காட்லாந்துக் கடலுணவு லாரிகள் லண்டனில் பிரதமர் இல்லத்துக்கு அருகே வரிசைகட்டி நின்றன. சுத்திகரிக்கப்படாத உயிர்ச் சிப்பி மூன்றாம் நாடுகளிலிருந்து வரக்கூடாது என்ற ஒன்றிய விதி, வேல்ஸின் மட்டிச் சிப்பி வியாபாரிகளைத் தாக்கியது. அந்த விதி பழையது. பிரிட்டன் அதற்கு வெளியே போய்விட்டது என்பதுதான் புதியது.

2025 மே உடன்பாட்டில் மீன் நுழைவுக்கு எதிரே வைக்கப்பட்டது இந்தச் சான்றிதழ்ச் சுமையைக் குறைக்கும் உணவுச் சுகாதார ஏற்பாடு. 12 ஆண்டு என்பது அதிகம். நான்கு, ஐந்து ஆண்டில் முடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேரத்தில் ஒரு பக்கம் மீனவர், மறுபக்கம் யாரோ என்பது பொய். நண்டுக்கூடு வைப்பவரும் மீனவர்தான். மறுகரைக்குக் காகிதச் சிக்கல் இல்லாமல் சரக்கு போவது அவருடைய சோறு.

இது பிரிட்டனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதும் அல்ல. கிரீன்லாந்து 1982-ல் வாக்களித்து 1985 பிப்ரவரி 1-ல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறியது. மீன்தான் முதன்மைக் காரணம். ஜெர்மன் இழுவைக் கப்பல்கள் தங்கள் கரையில் அள்ளுவதைக் கண்டு எழுந்த கோபம். ஐம்பதாயிரம் பேர் வாழும் நாடு, ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி மீன். அங்கே மீன் என்றால் நாடு. அவர்கள் வெளியே வந்தும் என்ன செய்தார்கள்? ஐரோப்பியச் சந்தையில் சுங்கமில்லாமல் விற்க வேண்டும் என்பதால் ஐரோப்பியக் கப்பல்களுக்கு நுழைவு கொடுத்தார்கள், அதற்குப் பணமும் வாங்கினார்கள். இன்றும் வாங்குகிறார்கள். யாரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடல் தன்னிடம், வாங்குபவர் மறுகரையில் என்றால் நுழைவும் சந்தையும் ஒரே மேசைக்குத்தான் வரும். கிரீன்லாந்து அதைத் தெரிந்தே வெளியேறியது, மக்களிடம் மறைக்கவில்லை.

எல்லையை முழுதாகக் கையில் வைத்திருப்பது மீனைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு மரண அடி கொடுப்பது கானாங்கெளுத்தி. வடகிழக்கு அட்லாண்டிக்கின் கானாங்கெளுத்தி இனம் நார்வே, ஐஸ்லாந்து, ஃபாரோ, கிரீன்லாந்து, பிரிட்டன், ஒன்றிய நாடுகள் என்று எல்லார் கடலிலும் வலம் வரும். ஐஸ்லாந்தும் ஃபாரோவும் எந்த ஒன்றியத்துக்கும் கட்டுப்படாதவை. நார்வே இரண்டு முறை வாக்களித்து வெளியே நின்ற நாடு. கட்டுப்பாடு எல்லாருக்கும் முழுமையாக உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு இவ்வளவு என்று தானே எழுதிக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்தால் விஞ்ஞானிகள் சொன்ன அளவை ஆண்டுக்கு ஆண்டு தாண்டியது. 2019-ல் அந்த மீனுக்கான நீடித்த மீன்பிடிச் சான்று இடைநிறுத்தப்பட்டது. 2021-ல் பிரிட்டன் தனிக் கடலோர நாடாக மேசைக்கு வந்த அதே ஆண்டு, நார்வே தன் பங்கை 22.5-லிருந்து 35 விழுக்காடாகத் தானே உயர்த்திக்கொண்டது. பழைய ஏற்பாட்டில் ஒரே குரலில் பேசிய ஒன்றியம் இரண்டாகப் பிரிந்திருந்தது. சண்டை போட ஒரு தரப்பு கூடியதே தவிர, சமாதானம் கூடவில்லை. 2025 இலையுதிர் காலத்தில் பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் 2026-க்குக் கொடுத்த ஆலோசனை: பிடிப்பை 70 விழுக்காடு குறையுங்கள். ஸ்காட்லாந்தின் மிக மதிப்புள்ள மீன் அது. பீட்டர்ஹெட் துறைமுகத்தில் இறங்கும் பணத்தின் அடித்தளம் அது.

ஹல்லிலிருந்து செல்லும் கிர்கெல்லா கப்பலின் நிலையும் இதே பாடம். ஒன்றியம் நார்வேயோடு ஆண்டுதோறும் மீனுக்கு மீன் மாற்றிக்கொள்ளும். அதில் பிரிட்டனுக்கு நார்வே கடலின் காட் கிடைத்துவந்தது. 2021-க்கான பேச்சு ஏப்ரல் இறுதியில் முறிந்தது. கப்பலுக்கு நார்வே கடல் அந்த ஆண்டு மூடிப்போனது. தன் கடலை மீட்டுக்கொண்ட இன்னொரு நாடு நார்வே. அதனிடம் போய் நின்றபோது பிரிட்டனுக்குக் கொடுக்கக் கையில் அதிகம் இருக்கவில்லை. மறுபக்கம் அயர்லாந்தும் தோற்றது. கானாங்கெளுத்தி ஒதுக்கீட்டை இழந்தது, படகுகளை உடைத்துத் தொழிலை விட மீனவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. பிரிவில் ஜெயித்த தரப்பு என்று ஒன்றைத் தேடுகிறேன், எளிதில் கிடைக்கவில்லை.

இப்படியெல்லாம் எழுதினால், பிரிவால் எதுவுமே மாறவில்லை என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. மாறியிருக்கிறது. துரோகக் கதை சொல்பவர்கள் அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வடகடலின் மணல் திட்டுகளில் விரல் நீள மீன் ஒன்று வாழ்கிறது. சாண்ட் ஈல் என்பார்கள். வெள்ளி நூல் போல இருக்கும், பயந்தால் மணலுக்குள் தலைகுப்புறப் பாயும். பஃபின் பறவை குஞ்சுக்கு வாய் நிறைய அடுக்கிக் கொண்டுபோவது இதைத்தான். கிட்டிவேக் கடற்பறவைக்கும் காட் மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் இதுதான் தீனி. டென்மார்க் கப்பல்கள் இதை டன் கணக்கில் அள்ளிக் கால்நடைக்கும் மீன் பண்ணைக்கும் தீவனமாக அரைத்தன. ஒன்றியத்தில் இருந்தபோது, தன் கடலின் ஒரு பகுதியை இப்படி மூட வேண்டுமானால் அங்கே பிடிக்கும் மற்ற நாடுகளின் ஒப்புதலைத் தேட வேண்டும், ஆண்டுகள் ஓடும். 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தின் வடகடலும் ஸ்காட்லாந்தின் கடல் முழுதும் சாண்ட் ஈல் பிடிப்புக்கு மூடப்பட்டன. ஒன்றியம் ஹேகில் உள்ள நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. அறிவியல் அடிப்படை போதுமானது. ஸ்காட்லாந்தின் தடை செல்லும். இங்கிலாந்து மட்டும், மாறுதல் காலத்தில் மறுதரப்புக்கு இருந்த உரிமையைச் சரியாக எடைபோடத் தவறிவிட்டது. தடையை நீக்க வேண்டியதில்லை. 2022-ல் டாகர் பேங்க் காப்புப் பகுதியில் அடிமட்ட இழுவலையைத் தடுத்ததும் இதே வகை. காப்பகம் என்று வரைபடத்தில் வரைந்துவிட்டு உள்ளே இழுவலை ஓட விட்டிருந்த வெட்கக்கேடு அங்கே முடிந்தது.

பிரிவு உண்மையாகக் கொடுத்தது இந்த அதிகாரத்தை: பிடிக்க அல்ல, பிடிக்காமல் விட. ஆனால் இதை வைத்து யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. 2016 ஜூனில் தேம்ஸ் நதியில் படகுகளை ஓட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தின் முன் நின்றபோது பிரெக்ஸிட் பிரசாரகர் நைஜல் ஃபராஜ் சொன்ன வாக்குறுதி கூடுதல் மீன். கடலில் இருக்கும் மீனின் எண்ணிக்கை அந்த வாக்குறுதியில் முன்னுக்கு வரவில்லை. யாருடைய வலையில் என்பதைத்தான் பேசினார்.

அந்த எண்ணிக்கை என்ன சொல்கிறது என்று கார்ன்வாலில் கேளுங்கள். பொலாக் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் சிறு படகுக்காரர்கள் அங்கே உண்டு. ஒருவரோ இருவரோ ஏறும் படகு, பழைய கப்பல் சிதைவுகளின் மேல் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். வலையால் கடலடியைச் சுரண்டாதவர்கள். 2024-க்கு அந்த மீனைப் பிடிக்கவே கூடாது, பூஜ்யம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிற மீனோடு தவறி வருவதற்கு மட்டும் சிறு அளவு விடப்பட்டது. அந்தச் சிறு அளவும் பெரிதாக உதவியது வலைப் படகுகளுக்கே; அந்த மீனையே குறிவைத்துத் தூண்டில் போட்டவருக்கு வழி அடைந்தது. இது 2020-ன் பேரத்தால் வந்ததல்ல. ஆண்டுக்கு ஆண்டு ஆலோசனைக்கு மேலே வரம்பு வைத்த பழக்கத்தால் வந்தது. அந்தப் பழக்கம் பிரஸ்ஸல்ஸில் பிறந்தது என்பது உண்மை. பிரிட்டன் வெளியே வந்த பின்னும், தான் பங்கேற்று முடிவுசெய்யும் வரம்புகளில் பாதிக்கு மேல் ஆலோசனையைத் தாண்டியே வைத்தது என்பதும் உண்மை.

பிரிட்டன் படகுகளில் யார் உழைக்கிறார்கள் என்பதையும் ஒரு வரியாவது சொல்லாமல் போக முடியாது. பிலிப்பைன்ஸ், கானா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து போன தொழிலாளர்கள் அங்கே பல படகுகளில் உண்டு. கப்பல் மாறிச் செல்வதற்கான விசாவில் கொண்டுவரப்பட்டு, சட்டப்படி நாட்டுக்குள் நுழையாதவர்களாகக் கணக்கிடப்பட்டு, படகிலேயே தூங்கி, படகை விட்டால் வேலையும் தங்குமிடமும் இல்லாமல் போகிறவர்கள் அவர்களில் பலர். எல்லையை மீட்ட சட்டத்தின் எட்டு நோக்கங்களில் அவர்களுக்கென்று ஒன்று இல்லை.

2025 உடன்பாட்டோடு கரையோர ஊர்களுக்கென்று 36 கோடி பவுண்டு நிதியும் அறிவித்தார்கள். அதைப் பனிக்கட்டி ஆலைக்கும் ஏலக் கூடத்துக்கும் செலவழிக்கட்டும். ஆனால் பிரிவினால் கிடைத்த கூடுதல் ஒதுக்கீட்டில் மட்டுமே புதிய பங்கீட்டு முறைகளைக் கொஞ்சம் முயன்று பார்த்தார்கள். பழைய ஒதுக்கீடு பெரும்பாலும் இன்னும் 1990-களின் அந்த மூன்று ஆண்டுக் கணக்கின் மேலேயே நிற்கிறது. நியூலினில் இன்று ஓர் இளைஞர் கடன் வாங்கிப் படகு கட்டினால், தான் பிறப்பதற்கு முன்னால் யாரோ பிடித்த மீனுக்கு அவர் வாடகை கட்ட வேண்டியிருக்கும். அந்த விதி 2038 வரை நீளும் எந்த உடன்பாட்டிலும் இல்லை. அதை மாற்றப் பிரான்ஸிடம் கேட்க வேண்டியதில்லை, டென்மார்க் வழக்குப் போடாது, பிரெஞ்சு அதிபர் மேக்ரோனின் கையொப்பம் தேவையில்லை. லண்டனிலும் எடின்பரோவிலும் கார்டிஃபிலும் பெல்ஃபாஸ்டிலும் உள்ள நான்கு மீன்வளத் துறைகள் உட்கார்ந்து எழுதவேண்டிய கோப்பு அது. மீனவர் சங்கங்கள் முற்றுகையிட வேண்டிய வாசலும் அதுதான்.